நாத்தனாரின் வரிசை

என் நாத்தனார் ஐவெலிஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கம் என்பார்கள். என்னை மட்டும் கேட்காதீர்கள்.

இந்தக் கிஸ்ஸிமி ஊரில் எங்களைப் போல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் சோறு போடுகின்றன. அவளுக்கு வாய்த்தது பெரிய பூங்காவில் டிராகன் ரோலர் கோஸ்டர். எனக்கு வாய்த்தது எதிர்ப்புறம் சின்னப் பூங்காவில் படகுச் சவாரி. எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் போனிலேயே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை துவரைச் சோறும் பன்றி வறுவலுமாக நாங்கள் உட்காரும்போது அவள் போனை மேசை நடுவில் வைப்பாள்.

"இன்னிக்கும் ரெண்டு மணி நேரம், அண்ணி. கால் கடுக்க நிக்குதுங்க, பாவம்."

பாவமாம்! என் படகுக்கு ஐந்து நிமிடம். அதுவும் பூஜ்யம் என்று போட வெட்கப்பட்டு நாங்கள் போடுகிற ஐந்து. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் மகள் நஷாலிக்குப் பதினைந்து நிறைந்தது. எங்களில் பெண்ணுக்கு அது கல்யாணத்துக்கு அடுத்தபடியான பெரிய விசேஷம். அந்த ஒரு நாளாவது அவள் என் பக்கம் இருக்க வேண்டும் என்று துடித்தேன். என் பூங்காவுக்கு வா, நிற்கவே வேண்டாம், ஆசை தீரச் சுற்றலாம் என்று கெஞ்சினேன். அத்தையின் டிராகன்தான் வேண்டுமாம்.

"போ. கால் வீங்கி வருவேல்ல, அப்பத் தெரியும்" என்றேன்.

அன்று காலிப் படகுகளை அனுப்பிக்கொண்டே போனைப் பார்த்தபடி இருந்தேன். டிராகனுக்கு இரண்டரை மணி நேரம். வேலை செய்பவர் வீட்டாருக்கும் குறுக்கு வழி கிடையாது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாகக் கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நின்னதே தெரியலம்மா. அத்தை லீவு போட்டுட்டு எங்கூடவே வரிசையில நின்னாங்க. பேசிக்கிட்டே இருந்தோம்."

"ரெண்டரை மணி நேரம் அப்படி என்னடி பேச்சு?"

ஷூவைக் கழற்றியபடி தனக்குள் சிரித்தாள். முகம் சிவந்திருந்தது.

"அது எனக்கும் அத்தைக்கும் மட்டுந்தாம்மா" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கிருப்பது ஐந்து நிமிடப் படகு. ஐந்து நிமிடத்தில் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?