இரண்டாவது மீட்டர்

சலுகை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மனுஷன் நடுத்தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனாலேயே அவர் வேலை பார்த்த நூல் ஆலையில் 'சலுகை சார்' என்று பேர் விழுந்தது. ஓய்வு வயதுக்கு முன்பே விலகினால் கூடுதல் தொகை என்று ஆலை அறிவித்தபோது, முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தொகையில்தான் வீடு எழும்பியது என்பதால் பிறகு அவளாலும் வாயைத் திறக்க முடியவில்லை.

மனைவி செத்துப்போன பிறகு மகன், மருமகள், பேத்தியோடு அதே வீட்டில் இருந்தார். அப்போது அரசு ஒரு விதி கொண்டுவந்தது: குறைவாக மின்சாரம் எரிக்கும் வீட்டுக்கு அது இலவசம், அளவு தாண்டினால் மொத்தத்துக்கும் இரட்டிப்பு விலை. எல்லோரும் புலம்பினார்கள். இவர் சும்மா இருப்பாரா?

"ஒரு வீட்டை ரெண்டு வீடாக்கிட்டா ரெண்டு மீட்டர். ரெண்டுமே இலவசம்டா! என் ரூமைத் தனி வீடுன்னு எழுதிக் குடுத்துடலாம்."

"அப்பா, உங்க மூளையே மூளைப்பா!" என்றான் மகன்.

பார்க்க வந்த மின்சார ஆபீஸ்காரர் லேசுப்பட்டவர் இல்லை. "உள்ளுக்குள்ள கதவு இருக்கே? தனி வீடுன்னா தனி வாசல், தனி அடுப்பு இருக்கணும் பெரியவரே" என்றார். அதற்கென்ன, கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தெருப்பக்கம் ஒரு வாசல் வந்தது. மூலையில் ஓர் அடுப்பும் வந்தது. பேருக்குத்தானே என்று சிரித்துக்கொண்டே சிமெண்ட் குழைத்துக் கொடுத்தவர் இவரேதான். பாவி மனுஷன்!

ஆரம்பத்தில் மருமகள் மூன்று வேளையும் சாப்பாட்டைத் தெருவழியே சுற்றிக் கொண்டுவந்தாள். "நீ எதுக்கும்மா அலையறே, அடுப்புதான் சும்மா கிடக்கே" என்று ஒரு மழைநாளில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ராத்திரியில் கதை கேட்டபடி இவர் வயிற்றின் மேலேயே தூங்கிப்போகும் பேத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்பதுதான் கேட்காது. ஒருத்தருக்கு மட்டும் சமைப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்திலேயே இல்லை. பல நாள் ரொட்டியைத் தின்று தண்ணீர் குடித்துப் படுத்தார். பேச ஆளில்லாமல் நாக்கே மரத்துப்போகும் போலிருந்தது.

ஒருநாள் காலைச் செய்தியில் அந்த விதியை அரசு ரத்துசெய்துவிட்டதாகச் சொன்னார்கள். இனி இலவசமும் கிடையாது, எத்தனை மீட்டர் இருந்தாலும் ஒரே விலைதான். நஷ்டச் செய்தி கேட்டு அவர் துள்ளிக் குதித்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மகனிடம் ஓடினார்.

"இனிமே அந்தச் சுவர் எதுக்குடா? எடுத்துடலாமா?"

மகன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். கதவு இருந்த இடத்தில் பெரிய டிவி மாட்டியிருந்தது. அதன் கீழே பேத்தியின் படிப்பு மேசை. மருமகள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"எடுக்கலாம்ப்பா... ஆனா..." என்று இழுத்தான்.

அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் இவரே முந்திக்கொண்டார். "இடிக்கிற கூலி, பூச்சு, பெயிண்ட்டுன்னு ஏகப்பட்டது ஆகும். வீண் செலவு, இல்ல?"

போனால் போகட்டும், நீங்கள் வந்துவிடுங்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதேதான்ப்பா நானும் நினைச்சேன். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க" என்றான் மகன்.