புடவைக்கு ஒரு சைட் ஸ்டெப்

போன சனிக்கிழமை, ஷார்ஜாவில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில், நாலு பேர் பார்க்க, ஒரு மீசைக்காரருக்கு நான் புடவை கட்டிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மீசைக்காரர் பெயர் சேகர். துபாய் கராமாவில் எங்கள் எதிர் ஃபிளாட். ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபாக்டரியில் இன்ஜினியர். மனைவி சுமதி, ஸ்கூல் டீச்சர். இங்கே நம்மவர்களுக்கு ஒரு கனவு உண்டே... ஊரில் ஒரு வீடு, துபாயில் ஒரு பெரிய எஸ்யூவி! வீடு முடிந்த கையோடு சேகர் எஸ்யூவி வாங்கினார். லாரி மாதிரி உயரம். லீவு நாளில் நண்பர்களோடு மலைப்பக்கம் போய், காய்ந்த ஆற்றுப் பாறைகளில் ஏற்றி இறக்குவதற்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கியது.

ஒன்றைத்தான் பார்க்கவில்லை. சுமதி ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. வெளியே போனால் புடவைதான்.

ஒரு கல்யாண ரிசப்ஷன் வாசலில் இறங்கும்போது கொசுவம் காலில் சிக்கி, அத்தனை பேர் முன்னால் சுமதி விழுந்துவிட்டார். அடி லேசு. அவமானம்தான் பெரிசு. "இனிமே அந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்" என்று சொன்னவர் சொன்னவர்தான். ஸ்கூலுக்கு பஸ், கடைக்கு மெட்ரோ. கோயிலுக்கு அவர் டாக்ஸியில் முன்னே போக, பின்னாலேயே சேகர் காலி சீட்டோடு எஸ்யூவியில் போவார். ரெண்டு பேருக்கும் சண்டையா என்று பில்டிங்கே என்னிடம் விசாரித்தது.

சுடிதார் போட்டால் என்ன? நானும் கேட்டேன். "ஒரு வண்டிக்காக நான் மாறணுமாக்கா?" என்றார் சுமதி. நியாயம்தானே?

அப்புறம்தான் சேகர் வந்து நின்றார். "அக்கா, வண்டிக்கு சைட் ஸ்டெப் போடப் போறேன். நீங்க கூட வரணும்." கதவுக்குக் கீழே நீளமாக மாட்டுவார்களே, காலை வைத்து ஏறுகிற அந்தப் படி. கையில் ஒரு பை வைத்திருந்தார். அதில் சுமதியின் புடவை!

எனக்குப் புரியவில்லை. "சுமதியையே கூட்டிட்டுப் போலாமே?"

"வண்டிகிட்டயே வரமாட்டேங்கிறாளே."

"சரி, நான் ஏறிப் பாக்குறேன்."

"நீங்க அவளை விட நல்ல உயரம்க்கா. நானும் அவளும்தான் கிட்டத்தட்ட ஒரே உயரம். எங்க தடுக்குதுன்னு எனக்கே தெரியணும்" என்றார் சேகர்.

சரி என்று கூடவே கிளம்பினேன். கடையில் வைத்து, பேன்ட்டுக்கு மேலேயே கட்டிவிட்டேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஒருத்தர் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினார். கடைக்காரர் ஒரு பட்டாணியர் — முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், விஷயம் என்ன என்று நான் இந்தியில் சொன்னதும், "யல்லா பாய், கலாஸ்!" — கிளம்புங்கப்பா, போதும் — என்று கூட்டத்தை விரட்டிவிட்டார்.

ஃபிட்டிங் முடிந்து நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார் சேகர். உருண்டைக் குழாய் மாதிரி ஒன்று. பார்க்க ஸ்டைல்... செருப்பு வழுக்கியது. கதவைத் திறந்தால் தானாக வெளியே வரும் எலக்ட்ரிக் படி ஒன்று. உள்ளே மடங்கும்போது புடவை ஓரத்தையும் சேர்த்து இழுத்தது. கடைசியில் அகலமான, தட்டையான, ரப்பர் பதித்த படி. கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது ரொம்பத் தாழ்வா இருக்கும். பாறையில போனா இடிச்சு உடையும்" என்று எச்சரித்தார் கடைக்காரர்.

சேகர் யோசிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார். "பாறைக்கு ஃபிரெண்ட்ஸ் வண்டியில தொத்திக்கிறேன்க்கா. சுமதி ஏற வேற வண்டி எங்கிட்ட இல்லையே!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவிக்குத் தங்கம் வாங்குகிற கணவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று தானே அந்தப் புடவைக்குள் நின்று பார்த்த மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் படியையே மாட்டிக்கொண்டு திரும்பும்போது, நடந்ததைச் சுமதியிடம் சொல்ல வேண்டாம் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கே சொன்னேன். "பேன்ட் மேலயா கட்டினீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார் சுமதி.

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்கு டாக்ஸி கூப்பிடவில்லை. பட்டுப்புடவையில் இறங்கி வந்தார். படியைப் பார்த்தார். வலது காலை வைத்தார். ஏறினார். ஏதோ வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அவ்வளவு சுலபமாக!

சேகர் அசையாமல் நின்றார். வண்டியின் கண்ணாடி இறங்கியது.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? வண்டிய எடுங்க, கோயில் சாத்திடுவாங்க!"

அந்த அதட்டலுக்காகத்தானே மனுஷன் இத்தனை நாள் ஏங்கிப் போயிருந்தார்? ஒரே ஓட்டமாக டிரைவர் பக்கம் ஓடி, அவசரத்தில் புதுப் படியில் முழங்காலை நங்கென்று இடித்துக்கொண்டார்.

"வலிக்குதா சேகர்?" என்று கேட்டேன். மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்!