நாலு ஃபவுலும் பெஞ்சில் உட்கார்ந்த பேத்தியும்

இன்று புதுக்கோட்டையில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து. என் பேத்தி எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழும்.

அப்படிப்பட்டவளை நாலு ஃபவுல் ஆனதும் கோச் பெஞ்சில் உட்கார வைத்தார். அவளுக்குப் பதிலாக இறங்கியது அவருடைய அக்கா மகள். இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அதே கோச். விடுவேனா?

"ஏன் தம்பி, எம்பேத்திய திரும்ப எறக்கவே இல்ல?"

"அஞ்சாவது ஃபவுல் விழுந்தா ஆட்டத்த விட்டே போயிருவாம்மா. கடைசி ரெண்டு நிமிஷத்துக்குன்னு வச்சிருந்தேன்."

"அந்த ரெண்டு நிமிஷந்தான் வந்துச்சே?"

"பந்து நிக்காம ஆள மாத்த முடியாதும்மா. நேரம் ஓடிருச்சு."

"அவுக பாயிண்ட் போட்டப்பவே டைம் அவுட் கேட்டு ஆட்டத்த நிறுத்தியிருக்க வேண்டியதுதானே? கையில ரெண்டு மிச்சம் இருந்துச்சே. வெதக்கடலைய பானையிலயே வச்சிருந்தா மழை காத்துக்கிட்டு நிக்குமா?"

பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துவிட்டாள்.

நாளையும் தோற்றால் எங்கள் பிள்ளைகள் போட்டியை விட்டே வெளியே.

"நாளைக்காவது எறக்குவீங்களா?"

"பாக்கலாம்மா" என்றவர், ஆலங்குடிக்கு டிக்கெட் எடுத்திருந்தும் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஸ்டாப்பில் அவருக்குச் சொந்தபந்தம் யாராவது இருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.