ஸ்டாம்பக்காவின் காலி நாற்காலி

அஞ்சல் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரை விட்டு ஸ்டாம்பக்கா கிளம்பியது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. கடைசிப் பதிவுத் தபாலில் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள். எழுந்து நின்றாள். இருபத்தோரு வருட வேலை அத்தோடு முடிந்தது.

"யோசிச்சுத்தான் போறியாம்மா? ஓய்வு பெற இன்னும் பதினோரு வருஷம் இருக்கே," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"இன்னும் பதினோரு வருஷம் இங்க உட்கார்ந்தா என் நெத்தியிலயே ஸ்டாம்பு ஒட்டி எங்கயாவது அனுப்பிடுவீங்க சார்."

பக்கத்துக் கவுன்டர்காரி விடுவாளா? "அடியே, சாமியாருங்களுக்கே பாடம் எடுக்கப் போறியாமே? உன் வாயைக் கேட்டா அவங்க சந்நியாசத்தை விட்டுட்டு வீட்டுக்கு ஓடிடுவாங்கடி!"

வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஸ்டாம்பக்கா சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு, வாசற்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினாள். நாற்பத்தொன்பது வயதில் அப்படி இறங்கக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்துக் கவுன்டர்காரி கேலியாகச் சொன்னாலும் சொன்னது நிஜம். கதை ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தொடங்குகிறது. ஒரு பிற்பகல் இரண்டு பேர் கத்தியோடு அந்த அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். அங்கே இருந்த எல்லோரையும் தரையில் குப்புறப் படுக்க வைத்து, கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். ஸ்டாம்பக்காவின் கைப்பேசியும் அதில் போயிற்று. போலீசோடு ஒரு போதகரும் வந்தார். ஆஸ்பத்திரி, சிறை, துறைமுகம் என்று ஜனங்கள் இருக்கும் இடங்களுக்கே போய் ஊழியம் செய்கிற குருமார் உண்டல்லவா, அந்த வகை. நல்ல மனிதர். அவள் எதிரில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், ஜெபிக்கத் தொடங்கினார். ஸ்டாம்பக்காவுக்கு ஒரே நினைப்பு: பள்ளிக்கூடம் விட்டு முக்கால் மணி நேரமாகிறது, மகள் வாசலில் தனியாக நிற்பாள். சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. மெல்ல எழுந்து எதிர்க் கடைக்குப் போய்ப் பள்ளிக்குப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். காலி நாற்காலிக்கு அவர் இன்னமும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிப் போதகர்களின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அங்கே அதைப் படித்தவர் ஆம்புலன்ஸில் இருபது வருடம் ஓடிய ஒரு முன்னாள் நர்ஸ். குற்றத்திலும் பேரிடரிலும் சிக்கியவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று குருமாருக்குச் சொல்லித்தர ஒரு பயிற்சி வகுப்பை அவர் அப்போதுதான் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். நேரே மூன்றாம் கவுன்டருக்கு வந்தார்.

"கடிதத்துல எழுதினதை நேர்ல நடிச்சுக் காட்டுவியா?"

"நடிப்பா? என் வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. தினம் நடக்குது."

மேலிடம் அனுமதி தர ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. இப்படித்தான் ஸ்டாம்பக்கா பாதிக்கப்பட்டவர் வேடம் போடுகிற பயிற்சியாளர் ஆனாள்.

வகுப்பு நடந்தது தீயணைப்பு நிலையத்தின் மாடியில். ஜன்னலோரம் ரப்பர் குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும். கீழே மணி அடித்தால் மேலே தண்ணீர்க் குவளைகள் அதிரும். பூட்ஸ் கால்கள் தடதடக்கும், வண்டி அலறிக்கொண்டு போகும், அதுவரை பாடம் நிற்கும். ஸ்டாம்பக்காவுக்கு அந்த இரைச்சலே பிடித்திருந்தது. இருபத்தோரு வருடம் பசை வாசனையில் உட்கார்ந்தவள் அல்லவா!

முதல் நாளே நர்ஸம்மா அவளைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். "எல்லா மதத்துலேர்ந்தும் பத்துப் பேர் வந்திருக்காங்க. மூணு வாரம். பத்துப் பேரும் தேறி, விபத்துன்னு கூப்பிட்டா ஓடி வர்றவங்க பட்டியல்ல ஏறணும். ஒருத்தர் குறைஞ்சாலும் மேலிடம் வகுப்பையே இழுத்து மூடிடும். உன் வாயைக் கொஞ்சம் அடக்கி வை."

அடக்கி வைத்தாள். நாலு மணி நேரம்.

ஐந்தாவதாக நாற்காலிக்கு வந்தவர் சிறைச்சாலைப் போதகர். ஆறடி உயரம், மார்பு வரை தாடி. குரல் மூன்றாம் பிளாக் வரை மைக் இல்லாமல் கேட்கும் என்பதால் கைதிகள் வைத்த பெயர் வெங்கலம். எதிரே ஸ்டாம்பக்கா, வெள்ளத்தில் வீடு போன பெண்ணாக.

"ஐயா, என் அக்காவைக் காணோம். பக்கத்துத் தெருவுலதான் இருந்தா..."

வெங்கலம் கையை உயர்த்தினார். கண்ணை மூடினார். "பரலோகத்தின் அதிபதியே!" என்று தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டாம்பக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் போடாமல் எழுந்தாள். மாடிப்படி இறங்கினாள். தீயணைப்பு வீரர்களோடு ஒரு டீ குடித்தாள், சர்க்கரை குறைவு என்று குறையும் சொன்னாள், மேலே ஏறி வந்தாள். ஜெபம் முடிந்தபாடில்லை. மற்ற ஒன்பது பேரும் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். வெங்கலம் கண்ணைத் திறந்தபோது எதிரே நாற்காலி காலி. கதவருகே அவள் கையில் டீ டம்ளர்.

அறை வெடித்துச் சிரித்தது. வெங்கலம் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்தார், போனார்.

நர்ஸம்மா அவளுக்கு விரலால் கதவைக் காட்டினார். ஸ்டாம்பக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டாள். "ஐயா, நில்லுங்க! பண்ணினது தப்புதான். சிரிப்புக்குப் பண்ணல."

"ஜெபத்தைக் கேலி பண்ணிட்டீங்கம்மா."

"ஜெபத்தை இல்ல. கண்ணை மூடினதை. எதுக்கு மூடுறீங்க? என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போயிற்று. அந்தப் பெரிய குரல் முதல் தடவையாக இறங்கியது. "திறந்து வெச்சா நானும் அழுதுடுவேன். பதினாறு வருஷமா இப்படித்தான் சமாளிக்கிறேன். அழுற முகத்தைப் பார்த்துக்கிட்டு ஒரு வார்த்தை பேச வராது எனக்கு."

ஸ்டாம்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கு அன்று ஜெபித்தவரும் பயந்துபோய்த்தான் கண்ணை மூடினாரோ? இந்தக் கோணம் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அப்ப பேசாதீங்க. அழுதாத்தான் என்ன, அழுங்க. ஆனா எந்திரிச்சுப் போகாதீங்க. இப்ப நீங்க போனீங்கன்னா என் வேலையும் போகும், நாளைக்கு எவளோ ஒருத்தி காலி நாற்காலியாவா. வாங்கய்யா, தரை சுடுது, செருப்பு இல்ல எனக்கு."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு தாடிக்குள் எங்கேயோ சிரித்தார்.

அடுத்த இரண்டரை வாரம் எப்படி ஓடியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முதலில் பெயரைக் கேள், பிறகு 'யாருக்காவது போன் பண்ணணுமா?' என்று கேள் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் உட்காராதே என்றாள். 'எல்லாம் நன்மைக்கே' என்று எவர் வாயிலாவது வந்தால் கீழே போய்த் தீயணைப்பு வண்டியைக் கழுவ வேண்டும் என்று சட்டமே போட்டாள். முதல் வாரத்தில் வண்டி ஏழு முறை குளித்தது. இமாமும் கன்னியாஸ்திரியும் ஆளுக்கொரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே, முதலில் உளறியது யார் என்று சண்டை போட்டார்கள். வீரர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். "அக்கா, அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை இன்னும் ரெண்டு பேரைச் சொல்ல வையுங்களேன், ஏணி வண்டி பாக்கி இருக்கு!"

கடைசி நாள் பஸ் பணிமனையில் ஒத்திகை. பழைய பஸ் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, புகை கிளப்பி, சைரனை அலறவிட்டார்கள். ஸ்டாம்பக்கா உள்ளே கணவன் மாட்டிக்கொண்ட மனைவி. அவள் பங்குக்கு வந்தவர் வெங்கலம்தான். அவள் ஈவிரக்கமே காட்டவில்லை.

"உன் கடவுள் எங்கய்யா போனான்? சொல்லு!"

"தெரியலம்மா."

"தெரியாதவன் எதுக்கு வந்த? போ!"

அவர் போகவில்லை. கல்லும் எண்ணெயுமான தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார், முகத்தைப் பார்த்துக்கொண்டே. தாடி நனைந்தது. நாற்பது நிமிடத்தில் நாலு வார்த்தை பேசியிருப்பார்.

அன்று மாலை நர்ஸம்மா பத்தாவது தேர்ச்சித் தாளை, வெங்கலத்தினுடையதை, தள்ளிவைத்தார். "ஒத்திகையிலேயே அழுறவர் நிஜத்துல உடைஞ்சு போனா? பாதிக்கப்பட்டவங்களையும் சேர்த்து இழுத்துடுவாரே. எனக்கு மனசு ஒப்பல. நீ பொறுப்பேத்துக்கிட்டா நீ கையெழுத்துப் போடு. போடலைன்னா ஒன்பதுதான், வகுப்பு அவ்வளவுதான்."

பேனாவை எடுத்தாள். வகுப்பு நிலைக்கவேண்டும் என்பதற்காகப் போடுகிறேனா, இவருக்காகத்தான் போடுகிறேனா? ஸ்டாம்பக்கா தன்னையே இரண்டு தடவை கேட்டாள். போட்டாள்.

வகுப்பு நிலைத்தது. இரண்டாம் அணி வந்தது, மூன்றாம் அணி வந்தது. ஆனால் வெங்கலத்தைப் பெரிய விபத்து எதற்கும் யாரும் கூப்பிடவில்லை. நர்ஸம்மா அவர் பெயரைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறை கீழே மணி அடிக்கும்போதும் ஸ்டாம்பக்காவுக்கு அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரும்.

பதினோரு மாதம் கழித்துத் துறைமுகத்துத் துணிக் கிடங்கு பற்றி எரிந்தது. உள்ளே எத்தனை பேர் என்றே தெரியவில்லை. விடிகாலையிலேயே பட்டியல் முழுவதும் கரைந்து அடி வரைக்கும் வந்துவிட்டது; வெங்கலத்துக்கும் அழைப்புப் போயிற்று. காலை முழுக்க ஸ்டாம்பக்கா கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள், குரல் அவ்வளவு சின்னது.

"அக்கா, நான்தான். சத்தமா பேச முடியாது. ஒரு அம்மா பக்கத்துல தூங்குறாங்க. அவங்க பையன் உள்ள வேலை பார்த்தவன். இன்னும் ஒரு தகவலும் இல்ல. காலையில என்னைப் பார்த்ததும் திட்டினாங்க, போன்னாங்க. நாலடி தள்ளி உட்கார்ந்துக்கிட்டேன். மத்தியானம் அவங்களே கூப்பிட்டு, 'உனக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். ஆரம்பிச்சேன். நாலாவது வரியில தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. அப்படியே நிறுத்திட்டேன். ஆமென் சொல்லல, சொன்னா முழிச்சுக்குவாங்க. எழுந்ததும் விட்ட இடத்துலேர்ந்து சொல்லவா, முதல்லேர்ந்து ஆரம்பிக்கவா? இதை நீங்க வகுப்புல சொல்லித் தரலையே. அவசரமில்ல, மெதுவா பதில் போடுங்க. தோள்தான் மரத்துப் போச்சு."