பவுலினா கொல்லையில் மிச்சம் கிடந்த உரம்

பவுலினாவுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. புருஷன் போனபின், அறுபத்தெட்டாம் வருஷம், குருபரப்பள்ளிப் பக்கம் கிருஷ்ணப்பனின் கொல்லை நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து உருளைக்கிழங்கு போட்டாள். புதுசாக வந்த மூட்டை உரத்தை அவளே சுமந்துவந்து, யார் சொல்லியும் கேட்காமல் கைநிறைய அள்ளி வைத்தாள். கடைசியில் வேலியோரம் நாலு உழவுச் சாலுக்கு உரம் இல்லாமல் போயிற்று.

கிழங்கு தோண்டிய அன்றே கிருஷ்ணப்பன் வந்து நின்றார். "குத்தகை முடிஞ்சுதும்மா. இனி நானே ராகி போட்டுக்கறேன்."

"என் உரம் உள்ள கிடக்குதே அண்ணா! ஒரு போகம் ராகி எடுத்துட்டுப் போறேன்."

"கிழங்கு தின்னது போக என்னம்மா கிடக்கும், கல்லா?"

"வேலியோரம் நாலு சாலுக்கு உரமில்லைன்னு உங்களுக்கே தெரியும். இப்ப எதுவும் போடாம மொத்தத்துக்கும் விதைக்கறேன். நாலு சாலும் மத்ததும் ஒண்ணுபோல வந்தா, நீங்களே அறுத்துக்கோங்க."

"சரி, உன் பிடிவாதத்துக்கு ஒரு ராகி" என்று சிரித்தார்.

ஆடி மழையில் விதைத்தாள். முளைத்தது எல்லாம் ஒரே பச்சை! அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் வருஷம் முழுக்கக் களி தின்ன இந்த ராகியை விட்டால் வேறில்லை. காலையில் ஓடிப்போய்ப் பார்ப்பாள், மத்தியானம் மறுபடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியுமுன்னே எழுந்துவிடுவாள்.

"நீ முறைக்கிற முறைப்புக்கே பயிர் காய்ஞ்சுடும் போ" என்றாள் பக்கத்துக் கொல்லை மாரம்மா.

இரண்டாம் களை எடுக்கும்போது நாலு சாலும் வெளுத்தது. மற்றதெல்லாம் கருகருவென்று நின்றது. கிருஷ்ணப்பன் வரப்பில் இரண்டு தரம் நடந்து பார்த்தார். "கிடக்குதும்மா உன் உரம்."

அத்தோடு அவள் தவிப்பு தீர்ந்ததா? மிச்ச உரத்தில் பயிர் மார்பளவுக்கு வளர்ந்துகொண்டே போனது. தண்டு இளசு, கதிரோ கனம். அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்கால மழைக்காற்றில் மொத்தமும் தரையில் படுத்துவிட்டது. அந்த நாலு சால் மட்டும் சோனிக் கதிரோடு நிமிர்ந்து நின்றது.

"உரம் இருக்குது, சரி. பயிர் நிக்கலையேம்மா!" என்றார் கிருஷ்ணப்பன்.

"படுத்தாலும் என் ராகிதான். வழி விடுங்க அண்ணா."

கதிர் சேற்றில் முளைப்பதற்குள் அறுத்தாக வேண்டும். பிள்ளைகளும் மாரம்மாவும் கூட நிற்க, மூன்று நாள் மண்டியிட்டு அறுத்தாள். கால்வாசி முளைத்துக் கெட்டது. மீதியைக் கட்டி வண்டியில் ஏற்றினாள்.

வண்டி கிளம்பும்போது கிருஷ்ணப்பன் மெல்லக் கேட்டார்: "இன்னும் மிச்சம் கிடக்குமாம்மா உள்ள?"

பவுலினா இறங்கிவிட்டாள். "கிடந்தா இன்னொரு போகம் விடுவீங்களா?"

"ஐயோ, நீ ஏறும்மா வண்டியில!"