போடரும் வேலியும்

எல்லை என்ற சொல்லை நாங்கள் வாயால் சொன்னதே இல்லை. அது பூமிசாத்திரப் புத்தகத்தில் கிடந்த சொல். நாடு விட்டு நாடு போனால் போடர். வயலுக்கு நடுவே வரம்பு. வளவைச் சுற்றி வேலி. இதில் வேலிக்குத்தான் நாங்கள் கத்தி தூக்குவோம்.

அகதியாக ஜெர்மனிப் போடரைக் காட்டுக்குள்ளால் களவாக நடந்து பாய்ந்தபோது என் கால் சுளுக்கிவிட்டது. கூட வந்த ஒரு அண்ணைதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். இன்று கெல்சென்கிர்ச்சன் நகரில் அவருடைய வாடகைத் தோட்டமும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு மரவேலி.

ஊரில் வேலி அடைக்கும்போது கதியால் தடியை அடுத்த வளவுக்குள் கொஞ்சம் தள்ளி நடுவது வழக்கம். அண்ணை அதையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். போன வசந்தத்தில் வேலியைப் புதுப்பித்தார்.

"அண்ணை, கட்டை ஒரு சாண் இஞ்சால வந்திட்டுது" என்றேன்.

"உனக்குக் கண் பழுது. அது நிண்ட இடத்திலதான் நிக்குது."

அடுத்த கிழமை, அவர் இல்லாத நேரம் பார்த்து, நான் கட்டையைப் பிடுங்கி இரண்டு சாண் அங்கால நட்டேன்.

தோட்டச் சங்கத்தின் தலைவர், ஒரு ஜெர்மன்காரர், அளவுநாடாவோடு வந்தார். நாங்கள் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்குள் முன்பே பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவருடைய தோளைப் பார்த்தேன்.

"இல்லை" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.