மான் பருவத்தின் கடைசிப் பந்தி

மொன்றியலில் ஒரு வேட்டைச் சங்கத்தின் அலுவலகத்தில் நான் செயலாளராக இருந்தேன். மான் வேட்டை தொடங்கிய முதல் நாள், காட்டு வாசலில் இருந்து தொலைபேசி வந்தது. சங்கத் தலைவர் ரேஜானின் தம்பி லூக் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்துவிட்டார். மானென்று நினைத்துச் சுட்டவரும் எங்கள் உறுப்பினர்தான். அண்ணனுக்குச் செய்தி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்கு ஒரு பயிற்சியும் கிடையாது, பிள்ளைகளே.

பிழை சுட்டவருடையது மட்டுமல்ல. பருவம் இரண்டு கிழமை, பதினான்கு நாள், இருந்தும் எல்லோரும் முதல் நாளே இடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். சுட்ட மானில் கட்டும் அனுமதிக் கூப்பனை அரசு கொடுக்கும். எங்கள் காட்டுக்குள் யார் எப்போது போவது என்பது சங்கத்தின் கையில். அடுத்த வருடம் ரேஜான் பருவத்தை இரண்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு நிறத்தில் நுழைவு அட்டை அச்சடித்தார். ஒருவருக்கு ஓர் அட்டைதான். பாதிப் பேர் முதல் கிழமை, மீதிப் பேர் இரண்டாவது. விரும்பியதைக் கேளுங்கள் என்றார். கேட்டார்கள் பாருங்கள்! அத்தனை பேரும் முதல் கிழமையையே கேட்டார்கள்.

சங்கத்தின் ஒரே தமிழ் வேட்டைக்காரர், மட்டக்களப்புக் குகன், என் மேசையில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, எனக்கு முதல் கிழமையத் தாங்க. மறுகா போனா மான் எங்க நிக்கும்? மண்ணாங்கட்டிதான் நிக்கும்."

"லூக்கின்ர செத்தவீட்டில நின்று அழுதனீர் எல்லே? அதுக்குள்ள மறந்துபோச்சோ?"

குகன் மேசையை விட்டு விலகி நின்றார். ஆனால் அட்டையை மாற்றிக் கேட்கவில்லை.

கூட்டம் கூடியது. குலுக்கல் போடுவோம் என்று ரேஜான் சொன்னதும் ஒருவர் எழுந்து, நிர்வாகக் குழுவின் பெயர்களும் அதில் இருக்கின்றனவா என்று கேட்டார். இல்லை. குழுவினர் முதல் கிழமை அட்டைகளை முன்பே எடுத்துவிட்டார்கள். ரேஜானும்தான். முதல் நாள் காலையில் தம்பி விழுந்த அதே மரத்தடியில் போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இடைவேளையில் அவரைத் தனியே கூப்பிட்டேன். பிரெஞ்சில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கட கோயில்ல முதல் பந்தியில சாப்பிடத்தான் சனம் இடிபடும். பரிமாறுற நாங்கள் கடைசிப் பந்தியில இருப்பம். எங்களைப் பாத்துத்தான் கடைசிப் பந்திக்கும் பாயாசம் மிஞ்சும் எண்டு சனம் நம்பும். நீங்களே முதல் பந்தியில குந்தினா ஆர் நம்புவினம்?"

"அண்டைக்குக் காலமை நான் அங்க நிக்கவேணும், மதாம்."

"தெரியும்," என்றேன். "அண்டைக்குக் காலமை அங்க ஆக்கள் குறையவேணும்."

அவர் மண்டபத்துக்குள் போய், தன் அட்டையை எல்லோரும் பார்க்க மேசையில் வைத்து, "நான் இரண்டாம் கிழமை" என்றார். குழுவினர் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் அட்டைகளையும் வைத்தார்கள். இரண்டு பேர் திட்டிவிட்டுச் சங்கத்தையே விட்டுப் போனார்கள். குகன் என் முகத்தைப் பாராமல், "எனக்கும் மற்றதத் தாங்க அக்கா" என்றார். மிச்சப் பேருக்குக் குலுக்கல் போட்டோம்.

அட்டைக்கு நிறம் மாற்றுவது சுலபம். தனக்கு வேண்டிய நாளை முதலில் விட்டுக்கொடுக்க ஓர் ஆள் வராவிட்டால் அந்த அட்டையை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். என் வேலையில் நான் கற்றது இது.

பருவம் தொடங்கிய அன்று ரேஜான் அலுவலகத்துக்கு வந்து, மேலங்கியைக் கழற்றாமல் தொலைபேசிக்கு முன்னால் இருந்தார். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை. பொழுதுபட்ட பிறகு காட்டு வாசலில் இருந்து அழைத்தார்கள். நான்தான் எடுத்தேன்.

"எல்லாரும் வெளிய வந்திட்டினமாம்."

"எல்லாருமா?"

"ஓம். எல்லாரும்."

அவர் மேசையில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன். பிறகு ரேஜான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வருசமும் இப்பிடி ஒரு ஃபோன் வந்திருக்கலாம்" என்றார்.